உன் அம்மா அழுத்திய பட்டன்

நைனா,

கல்யாண வயதில் இருக்கிறவனை இன்னும் நைனா என்று கூப்பிடுகிறேனே என்று முகத்தைச் சுளிப்பாய். சுளித்துக்கொள். உன்னைப் பூந்தமல்லியில் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டு வந்து மூன்று நாளாகிறது. அறை பார்த்துவிட்டு ஞாயிறு காலை திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனாய். போகும்போது வேலையில் சேரும் படிவத்தை என் கையில் திணித்து, "அப்பா, கையெழுத்து போட்டு போஸ்ட்ல சேத்துடு, மறந்துடாத" என்றாய். கையெழுத்துப் போட்டுவிட்டேன். தபாலில் சேர்க்கவில்லை. மறதி இல்லை, வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. படிவம் இந்தக் கடிதத்தோடு உன் மேஜைமேல் இருக்கும். முதலில் கடிதத்தைப் படி, அப்புறம் என்னைத் திட்டு.

படிவத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் "டெக்னீஷியன், ஓய்வு" என்று மணிமணியாக எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே தாயாரின் தொழில் என்ற கட்டத்தில் ஒரு கோடு இழுத்திருக்கிறாய். உன்மேல் தப்பில்லை. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து எல்லாப் படிவத்திலும் அந்தக் கட்டத்தில் கோடு போட்டவன் நான். அதைப் பார்த்தே நீ வளர்ந்தாய். ஆனால் இந்தத் தடவை அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. ஏனென்றால் உன் அம்மாவின் இதயத்துடிப்புப் பதிவின்மேல் இதே மாதிரி ஒரு கோட்டை நான் ஒருமுறை இழுத்திருக்கிறேன், சிவப்புப் பென்சிலால்.

உடம்பில் கட்டிய கருவி பதிவு செய்வதைக் கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்த்து, யாருக்கு என்ன நோய் வரும் என்று ஆராயும் வேலையைக் கற்றுக்கொள்ளப் போகிறாய். அந்த வேலையைக் கொஞ்ச காலம் உன் அப்பனும் செய்தான் என்று உன்னிடமும் உன் சிநேகிதர்களிடமும் எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருப்பேன்! சொல்லாமல் விட்ட மிச்சத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு பஸ் ஸ்டாண்டிலேயே சொல்லிவிட நினைத்தேன். வாய்வரை வந்தது. கடைசியில், வழிக்கு வாழைப்பழம் வாங்கித் தரட்டுமா என்று கேட்டுவிட்டு நின்றேன்.

நீ ஆறாம் வகுப்பு படித்தபோது ஆவடியில் எங்கள் தொழிற்சாலைக்கு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தது. ஷிப்ட் வேலை மனிதனின் இதயத்தை என்ன செய்கிறது என்று பார்க்க வந்தவர்கள். நெஞ்சில் ஐந்து இடத்தில் பட்டை ஒட்டி, அதிலிருந்து வரும் ஒயர்களை இடுப்பில் கட்டிய ஒரு சின்ன டேப் ரெக்கார்டரில் செருகிவிடுவார்கள். ஒரு பகல், ஓர் இரவு முழுக்க அது துடிப்பைப் பதிந்துகொண்டே இருக்கும். கூடவே டைரி என்று ஒரு தாள் கொடுப்பார்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தாய் என்று அதில் எழுத வேண்டும். கருவியின் தலையில் ஒரு பட்டன் உண்டு. நெஞ்சு வலித்தால், படபடத்தால் அதை அழுத்த வேண்டும், அந்த நேரத்துக்கு டேப்பில் ஒரு குறி விழும். குழுவுக்குக் கருவி பழுது பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. மீட்டர் ரிப்பேர் செக்ஷனில் இருந்த என்னை அனுப்பினார்கள். போன இடத்தில் டேப் படிக்கவும் கற்றுக்கொண்டேன்.

அதில் எனக்குக் கை சீக்கிரம் படிந்தது, பொய் சொல்லவில்லை. ஒரு நாள் டேப்பை இருபத்து நாலு நிமிஷத்தில் ஓட்டிவிடுவோம். துடிப்புகள் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும், ஒலிபெருக்கியில் ஒரே சுருதியில் இர்ர் என்று சத்தம் வரும். சுருதி பிசகினால் நிறுத்தி, அந்த இடத்தைக் காகிதத்தில் அடித்து எடுத்துப் பார்க்க வேண்டும். எது துடிப்பு, எது பட்டை கழன்றதால் வந்த கோளாறு என்று பிரிக்க வேண்டும். கோளாறு என்றால் சிவப்புப் பென்சிலால் கோடு. கோடு விழுந்த நேரம் கணக்கிலிருந்து போய்விடும். எல்லாம் முடிந்தபின் நாள் முழுவதற்குமான துடிப்பு வேகம் மேடும் பள்ளமுமாக ஒரு நீளத் தாளில் வரும். அந்தத் தாளை டைரியோடு வைத்து ஒப்பிடுவதுதான் உண்மையான வேலை.

கடைசல் பிரிவில் மாணிக்கம் என்று ஒருத்தன் இருந்தான். மதியம் இரண்டிலிருந்து மூன்றுவரை மெஷினில் வேலை என்று டைரியில் எழுதியிருந்தான். தாளைப் பார்த்தால் அந்த ஒரு மணி நேரம் துடிப்பு குளத்துத் தண்ணீர் மாதிரி கிடந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். "மெஷினாண்ட நின்னுகினு இருந்தேன், அண்ணாத்தே" என்றான். "நின்னுகினு இல்ல மாமே, ஸ்டோருக்குப் பின்னால படுத்துகினு இருந்தே" என்றேன். அவன் வெலவெலத்துப் போய், "ஐயோ, இது உள்ள இருக்கறத அப்டியே சொல்லுதா? சூப்ரவைசராண்ட சொல்லிடாத" என்று கும்பிட்டான். நான் சொல்லவில்லை. டைரியைத் திருத்தி "தூக்கம்" என்று எழுதினேன். டைரி பொய் சொல்லும், டேப் சொல்லாது என்று அன்று எனக்குள் ஒரே பெருமை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். மாணிக்கத்தின் விஷயத்தில் நான் டேப்பைத்தான் நம்பினேன்.

அடுத்து, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேலைக்குப் போகாதவர்களின் பதிவும் வேண்டும் என்றார்கள். ஓய்வில் இருக்கும் இதயம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமாம். ஓய்வில் இருப்பவர்கள் யார்? தொழிலாளிகளின் பெண்சாதிகள்! நானும் சரியென்று தலையாட்டினேன். குவார்ட்டர்ஸிலும் பட்டாபிராமிலும் சுற்றி ஆள் பிடித்துக் கொடுத்ததே நான்தான். பட்டாபிராமில் லட்சுமி என்று ஒரு பெண், எங்கள் செக்ஷன்காரனின் மனைவி. மறுநாள் கருவியைக் கழற்றப் போனபோது டைரி வெள்ளையாக இருந்தது. ஏம்மா எழுதவில்லை என்று கேட்டேன். "இன்னாண்ணா எழுத சொல்ற? நான் இன்னா வேலைக்கா போறேன்? ஊட்ல சும்மாதான் கீறேன்" என்றாள். நான் "சும்மா" என்று எழுதிக்கொண்டேன். டைரியில் எழுதும் ஒவ்வொரு வேலைக்கும் எங்கள் கணக்கில் ஒரு எண் உண்டு, சும்மாவுக்கும் ஒன்று. ஓய்வுக்கும் அதே எண்தான்.

அந்தப் பெண்களின் டேப்பை ஓட்டினால் விடியற்காலையில் துடிப்பு எகிறியது. பட்டறையில் சம்மட்டி அடிக்கிறவனுக்கு எகிறுவது மாதிரி எகிறியது. டைரியில் சும்மா, டேப்பில் சம்மட்டி. மாணிக்கத்துக்குச் செய்த மாதிரி நேரில் போய், "அந்த நேரத்தில் என்னம்மா செய்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கருவிக் கோளாறு என்று சிவப்புக் கோடு இழுத்தேன். குழுவின் டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர், கெட்டிக்காரி. அவருக்குச் சந்தேகம் வந்தது. "இத்தனை பேருக்கும் அதே நேரத்துலயா பட்டை கழலும்?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "பொம்பளைங்க மேடம், சேலை உரசுது" என்றேன். சேலை நாள் முழுக்கத்தானே உடம்பில் இருக்கிறது, விடிகாலையில் மட்டுமா உரசும்? அவர் என் கைத்திறமையை நம்பினார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த டேப்பை எடுத்தார். அந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

எண்ணிக்கைக்கு ஓர் ஆள் குறைந்தது. கருவியைக் கள்ளிக்குப்பத்தில் நம் வீட்டுக்கே கொண்டுவந்து உன் அம்மாவுக்குக் கட்டினேன். உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம், நீ ஒயரைத் தொட வந்து அடி வாங்கினாய். அவளுக்கு ஒரே சிரிப்பு. "இன்னாயா இது, தாலி ஒண்ணு பத்தாதுன்னு அஞ்சு கட்டிகீற?" என்றாள். பட்டனைக் காட்டி, "இத அழுத்துனா இன்னா ஆவும்?" என்று கேட்டாள். நெஞ்சில் ஏதாவது பண்ணினால் அழுத்து, மெஷின் எனக்குச் சொல்லும் என்றேன். "நான் சொன்னா கேக்க மாட்ட, மெஷின் சொன்னா கேப்பியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அவளுடைய டேப்பையும் மற்றவர்களுடையதைப் போலவே ஓட்டினேன். நாலரை மணிக்குத் துடிப்பு ஏறத் தொடங்கி ஆறரை வரைக்கும் மேடு மேடாகப் போனது. டைரியில் அந்த நேரத்துக்குச் "சும்மா இருந்தேன்" என்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கோடு தன் பழைய மட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும். அவளுக்கு அந்த மேடுகளின் உச்சியில் கோடு மட்டத்துக்கு வராமல் கீழேயே தொங்கியது. இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்றால் அப்படித் தொங்கும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பட்டன் அழுத்திய குறியும் இரண்டு இடத்தில் விழுந்திருந்தது. டேப்பை நிறுத்தி ஒரு முழம் காகிதம் அடித்துப் பார்த்திருந்தால் பச்சைப்பிள்ளைக்கும் புரிந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஏதோ பாத்திரம் இடித்துப் பட்டன் அழுந்தியிருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். நாலரையிலிருந்து ஆறரைவரை ஒரே இழுப்பில் சிவப்புக் கோடு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அன்று சாயந்திரம் அவள் மாவாட்டிக்கொண்டே, "நான் அழுத்துனனே, மெஷின்ல வந்துச்சா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, நல்லா கீது" என்றேன். "ஒண்ணுமே வர்லியா?" என்று மறுபடி கேட்டாள். "அதான் சொல்றன்ல" என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவள் அடி பம்பின் பக்கத்தில் விழுந்தாள். நீ எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி உன்னை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தோம். வராந்தாவில் பையை மடியில் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்காது. உள்ளே டாக்டர் அவளிடம், இதற்கு முன் வலித்ததுண்டா என்று கேட்டார். "கார்த்தால தண்ணி தூக்கசொல்ல அடைக்கும் சார். செத்த நேரம் நின்னா சரியாப்பூடும். ரெண்டு மூணு வருசமா கீது" என்றாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் என்னைக் காட்டி, "இவரு மெஷின் வெச்சி பாத்தாரு சார், ஒண்ணுமில்லன்னாரு" என்றாள். குறையாக அவள் சொல்லவில்லை. என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னாள். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குனிந்து அவளுடைய செருப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தேன்.

அவள் பிழைத்தாள். ஆனால் அம்பத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டில் உன்னோடு ஓடி ஏறிய அம்மா உனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நாலு படிக்கு ஒருதரம் நிற்பாள், மூச்சு வாங்குவது தெரியாமல் இருக்க விளம்பரத்தைப் படிப்பதுபோல் பாவனை செய்வாள். வயசாகிவிட்டது என்று கேலி செய்துகொண்டு கீழே நின்றவன் நான். நோய் அந்த இரண்டு வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்குத் தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாதாம். ஆனால் அதை எனக்கு அவள் சொன்னாள், நான் அழித்தேன். அந்தக் குழு ஊர் திரும்பிவிட்டது. டேப்புகளை அழித்து வேறு ஆட்களுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். அவர்களுக்கு எழுதி, பெண்களின் விடியற்காலையெல்லாம் தப்பாகப் போய்விட்டது என்று ஒரு கார்டு போட்டிருக்கலாம். வேலை போய்விடுமோ, பெயர் கெட்டுவிடுமோ என்று பயந்தேன். பட்டாபிராம் லட்சுமிக்கு என்ன ஆனது என்று விசாரிக்கவும் தைரியம் வரவில்லை.

இத்தனை வருஷமும் எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. சும்மா இருந்தேன் என்று அவள்தானே சொன்னாள், அவள் சரியாகச் சொல்லியிருந்தால் நான் கோடு போட்டிருப்பேனா என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன். போன வாரம் உன் பிறப்புச் சான்றிதழைத் தேடி பீரோவின் அடித்தட்டைக் கிளறினேன். அடியில் அவளுடைய அந்தத் தாளும் டைரியும் மடித்துக் கிடந்தன. அவள் விழுந்த பிறகு ஆபீசிலிருந்து எடுத்து வந்து, பிரித்துக்கூடப் பார்க்காமல் நான் ஒளித்து வைத்தது. டைரியைப் பிரித்தேன், நைனா. அதில் இருந்தது என் கையெழுத்து.

அப்புறம்தான் எல்லாம் ஞாபகம் வந்தது. அவள் கை மாவாக இருந்தது. நீயே எழுதிக்கய்யா என்றாள். காலையில் என்ன செய்தாய் என்று கேட்டேன். "கார்த்தால எந்திரிச்சி பம்பாண்ட போனேன், அங்க கும்பலு, அப்புறம்" என்று ஆரம்பித்தாள். தாளில் ஒரு வரிக்குத்தான் இடம் இருந்தது. "சரி சரி, வீட்லதான இருந்தே" என்று சொல்லி நானே எழுதினேன், சும்மா இருந்தேன் என்று. அவள் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

நீ போகிற இடத்தில் டேப் இல்லை, சிவப்புப் பென்சில் இல்லை. கம்ப்யூட்டரே கோளாறைப் பிரித்துத் தள்ளிவிடும் என்று நீ சொன்னாய். தள்ளட்டும். தள்ளியதை நீ ஒருமுறை பொறுக்கிப் பார். யாரிடமிருந்து அதிகம் தள்ளியிருக்கிறது என்று பார். டைரியும் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்றை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பொய்யாக்கிவிடாதே, எழுந்து போய் அந்த ஆளைக் கேள். கேட்டால் முழுதாகச் சொல்ல விடு. டைரியை யார் எழுதினார்கள் என்றும் பார். உங்கள் ஊரில் இதற்கெல்லாம் நேரம் இல்லை என்பார்கள். எனக்கு டீ குடிக்க நேரம் இருந்தது.

இன்று காலை நான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதிவிட்டு அவளிடம் மறைப்பது இன்னொரு அயோக்கியத்தனம். தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். கோட்டுக்கு அடியில் மேடுகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. விரல் வைத்து எண்ணினேன். ஒன்பது. "ஒம்போது கொடம்" என்றாள் அவள். "தொட்டி ரொம்ப ஒம்போது கொடம் ஊத்தணும்." ஏழாவது மேட்டிலும் ஒன்பதாவது மேட்டிலும் பட்டன் குறி. அதைக் காட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சு" என்றேன்.

"நாந்தான் சரியா அழுத்தலியோன்னு இத்தினி வருசமா நெனச்சிகினு கீறேன்யா" என்றாள்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை அவள் என்னிடம் பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள். பேசச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

உன் படிவத்தில் அந்தக் கோட்டை அழித்துவிட்டேன். ரப்பர் தேய்த்த இடம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, மன்னித்துக்கொள். கட்டம் காலியாக இருக்கிறது. நான் எதுவும் எழுதவில்லை, அதில் இனி என் கையெழுத்து வேண்டாம். நீ வந்து அவள் பக்கத்தில் உட்கார். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வாள் என்று கேள். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேனாவைத் திறக்காதே. இடம் போதவில்லை என்றால் தனித்தாள் வைத்துத் தைத்துக்கொள். அப்புறம் நானே அம்பத்தூருக்கு நடந்துபோய்த் தபாலில் சேர்த்துவிட்டு வருகிறேன்.

உன் அப்பா